பேண்டு மாஸ்டர் என்று ஒரு பணியிடம் இல்லை

தேசிய கீதத்தை பேண்டு வாசிக்கும்போது, கீதம் வரப்போகிறது என்று கூட்டத்துக்குத் தெரிய வேறு அடையாளம் இல்லாவிட்டால், முதலில் டிரம் உருள வேண்டும். இது மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஆணையிலேயே இருக்கிறது. எவ்வளவு நேரம் என்பதும் இருக்கிறது: மெதுநடையில் ஏழு காலடி. மெல்ல ஆரம்பித்து, முடிந்த மட்டும் ஓங்கி, திரும்ப மெல்ல இறங்க வேண்டும். ஏழாவது தட்டு வரை சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். பிறகு ஒரு தட்டு மௌனம். அதற்கப்புறம்தான் கீதம். மெதுநடை என்றால் நிமிடத்துக்கு 70 காலடி. ஆக மொத்தம் ஆறு விநாடி.

இந்த ஆறு விநாடியை ஒரு எட்டாம் வகுப்புப் பையனுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தேடப்போனதுதான் இந்தக் குறிப்பு.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டி. தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டம், ஒரு பேரூராட்சி. வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தால் அது சுப்பிரமணிய சிவாவால்தான் தெரிந்திருக்கும். பாரதாசிரமம் அமைத்து, 1925 ஜூலை 23 அன்று இறந்தது இங்கேதான். இந்த மாதிரி ஊர்களில் பள்ளிக்கூட பேண்டு இல்லாமல் ஆகஸ்ட் 15 கிடையாது, ஜனவரி 26 கிடையாது, விளையாட்டு விழா கிடையாது. பெரிய அதிகாரி யாராவது பள்ளிக்கு வந்தால் கேட்டிலிருந்து மேடை வரை பேண்டு முன்னால் போக வேண்டும். ஆனால் அதை நடத்துபவருக்கு அரசுப் பள்ளியில் ஒரு பதவிப் பெயர் இல்லை. 'பேண்டு மாஸ்டர்' என்பது பிள்ளைகள் வைத்த பெயர். சம்பளப் பட்டியலில் அவர் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் வாயில் பி.டி. சார். எங்கள் அப்பாக்கள் வாயில் டிரில் மாஸ்டர்.

டிரில் மாஸ்டர் என்ற பழைய பெயரில்தான் விஷயமே இருக்கிறது. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் பிடித்துப்போட்டு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்த காலம் ஒன்று இருந்தது. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தார். அதற்குப் பிறகு உடற்கல்வி ஒரு படிப்பாகவே ஆனது. விளையாட்டு, உடலியல் எல்லாம் உள்ளே வந்தன. அணிவகுப்பும் கூடவே தங்கிவிட்டது. அணிவகுப்பு இருந்தால் தாளம் வேண்டும். தாளத்துக்கு டிரம் வேண்டும். இப்படித்தான் சங்கீதமே படிக்காத ஒருவர் கைக்கு ஒரு வாத்தியக் குழு போய்ச் சேர்ந்தது.

'அப்போ மியூசிக் டீச்சர் என்ன பண்றாங்க?' என்று கேட்பீர்கள். பெரும்பாலான பள்ளிகளில் அப்படி ஒருவர் இல்லை. 2017-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. உடற்கல்விக்கு 600-க்கு மேல், இசைக்கு 100-க்கும் கீழே. முழு மாநிலத்துக்கும். அந்தச் சிலரும் வாய்ப்பாட்டு, வீணை, வயலின் படித்து வந்தவர்கள். பியூகிளை அவர்கள் கையில் கொடுப்பது நியாயம் இல்லை.

இன்னொரு வழி பகுதிநேர ஆசிரியர்கள். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலை, உடல்நலம்-உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் பயிற்றுநர்கள் வேண்டும் என்று இருக்கும். கூடவே அவர்கள் 'பகுதிநேர' பயிற்றுநர்கள் என்றும் இருக்கும். சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதை வைத்து 2012-ல் தமிழ்நாட்டில் 16,549 பேரை நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். 2021-ல் அது 10,000 ஆனது, 2024-ல் 12,500. மே மாதம் பள்ளி இல்லை, அதனால் அந்த மாதச் சம்பளமும் இல்லாமல் இருந்தது. வாரத்துக்கு மூன்று அரை நாளில் எந்த பேண்டும் உருவாகாது. அந்த நேரத்தில் பிள்ளைகள் பெயரை மனப்பாடம் பண்ணவே ஒரு மாதம் ஆகிவிடும்.

எனக்கு இதையெல்லாம் சொன்னவர் ஓய்வு பெற்ற ஒரு பி.டி. சார். இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். பெயர் போட வேண்டாம் என்றார். 'எந்த ஸ்கூல்னும் போடாத தம்பி, இருக்கறவங்களுக்குச் சங்கடம்' என்றார். அவர் வீட்டுத் திண்ணையில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து கேட்டதும், நானாகப் படித்துப் பார்த்ததும் கலந்துதான் இனி வருவது.

முதலில் பொருட்கள். அரசுப் பள்ளி பேண்டு என்றால் சைட் டிரம் நாலோ ஆறோ இருக்கும். பாஸ் டிரம் ஒன்று, சிம்பல் ஒரு ஜோடி, டிரையாங்கிள் ஒன்று, பியூகிள் இரண்டு மூன்று. கொஞ்சம் வசதி இருந்தால் ஒரு வரிசை புல்லாங்குழல். கான்வென்ட் பள்ளிகளில் டிரம்பெட், சாக்ஸபோன், சில இடங்களில் பேக்பைப் கூடப் பார்க்கலாம். நம் பக்கத்தில் டிரம்மும் பியூகிளும்தான். இந்த பித்தளைச் சாமான்களில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்து மீரட்டில் இருந்து வருகிறது. அங்கே ஜாலி கோட்டி என்று ஒரு தெரு, முழுக்க பேண்டு வாத்தியக் கடைகளும் பட்டறைகளும். அந்த ஊரின் நாதிர் அலி கம்பெனி 1885-ல் ஆரம்பித்தது. தொடங்கியவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் பேண்டு நடத்தியவர். கல்யாண ஊர்வலத்தில் நீங்கள் பார்த்த பெரிய வளைந்த குழாய் அந்தத் தெருவில் அடிக்கப்பட்டதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பியூகிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பார்க்க டிரம்பெட்டின் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் அதில் அழுத்த ஒரு பொத்தானும் இல்லை. ஒரே நீளக் குழாய். உதட்டை இறுக்கினால் மேல் ஸ்வரம், தளர்த்தினால் கீழ் ஸ்வரம். அப்படி ஒரு குழாயில் இயற்கையாகவே வரும் ஸ்வரங்கள்தான் வரும், இடையில் உள்ளதை வரவழைக்க முடியாது. பியூகிளில் சுலபமாகப் பிடிக்கக்கூடியவை ஐந்து: ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப. ரி கிடையாது, ம கிடையாது, த கிடையாது. ராணுவத்தில் எழுப்புவது, சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது, கொடி இறக்குவது எல்லாமே இந்த ஐந்துக்குள் அமைத்த மெட்டுகள். கொம்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இதன் விளைவு என்னவென்றால், பியூகிளில் தேசிய கீதம் வாசிக்க முடியாது. கீதம் ச, ரி, க என்று ஏறித்தான் ஆரம்பிக்கிறது. இரண்டாவது ஸ்வரத்திலேயே பியூகிள் கை விரித்துவிடும். புதிதாக வரும் தலைமையாசிரியர்கள் பலருக்கு இது புரியாது என்று சார் சிரித்தார். 'ஊதறானே, ஜன கண மனவும் ஊதச் சொல்லுங்க சார்' என்பார்களாம். ஊத வேண்டுமென்றால் வால்வு உள்ள டிரம்பெட் வேண்டும், இல்லாவிட்டால் புல்லாங்குழல் வரிசை வேண்டும்.

புல்லாங்குழல் வாங்கினால் அடுத்த தலைவலி சுருதி. பள்ளிகளில் அதிகம் இருக்கும் பியூகிள் 6½ கட்டை. கடையில் மலிவாகக் கிடைத்த குழல் ஒன்று 5 கட்டை, இன்னொன்று 4½ என்று இருந்தால் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஊதும்போது நாய் ஊளையிடும். குழல் வாங்கப் போகும்போது எல்லாம் ஒரே கட்டையா என்று ஊதிப் பார்த்து எடுக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்காகச் சார் ஒரு நாதஸ்வரக்காரரைக் கூட்டிக்கொண்டு சேலம் போயிருக்கிறார். பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு கைக்காசு.

தமிழ்த்தாய் வாழ்த்து வேறு கதை. 2021 டிசம்பரில் அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது ராகம், தாளம், நேரம் மூன்றையும் அரசாணையில் எழுதிவிட்டார்கள்: மோகன ராகம், மூன்றன் நடை, 55 விநாடி. இசைத்தட்டு போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்பதும் உண்டு. அதனால் பேண்டு ஆசிரியருக்கு இன்னொரு வேலை கூடிவிட்டது. நன்றாகப் பாடும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, 55 விநாடியில் முடிக்கப் பழக்குவதும் பல பள்ளிகளில் அவர் தலையில்தான். மோகனத்தில் ம-வும் நி-யும் இல்லை, ஐந்தே ஸ்வரம், ஆகவே குழலுக்குச் சுலபம். மூன்றன் நடைதான் சிக்கல். 'லெஃப்ட் ரைட்' என்று இரண்டு இரண்டாகவே பழகிய பாஸ் டிரம் பையன் மூன்றாவது தட்டில் தடுமாறுவான். அதனால் அந்தப் பாட்டுக்கு டிரம் வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு நில் என்று சொல்லிவிடுவாராம். நல்ல முடிவு என்றுதான் எனக்கும் படுகிறது.

இப்போது சைட் டிரம். இதில் முதல் ஆறு வாரம் டிரம்மே கொடுக்க மாட்டார். பெஞ்சுப் பலகை, இரண்டு குச்சி. வலது-வலது, இடது-இடது. ஒவ்வொரு கையும் இரண்டு இரண்டு தட்டு. வெள்ளைக்காரர் இதற்கு 'டாடி-மம்மி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டா-டி ஒரு கை, மம்-மி இன்னொரு கை. மெதுவாக ஆரம்பித்து வேகம் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தனித்தனித் தட்டு மறைந்து ஒரே இரைச்சலாக மாறும். அதுதான் உருட்டல். முதலில் சொன்ன ஏழு காலடி இதில்தான் நிற்கிறது. வேகம் யாருக்கும் வந்துவிடும். மெதுவாக உருட்டுவதுதான் கஷ்டம், சத்தம் குறையும்போது கை தானாக வேகமும் குறைக்கும். ஓங்குவதும் இறங்குவதும் வேறு, வேகம் வேறு என்று கைக்குப் புரிய ஒரு வருஷம் ஆகும்.

சார் டாடி மம்மி எல்லாம் சொல்வதில்லை. 'தரிகிட' என்று சொல்ல வைப்பார். வாயில் வந்தால் கையில் வரும் என்பது நம் ஊரில் மிருதங்கக்காரர் முதல் பம்பைக்காரர் வரை எல்லோருக்கும் தெரிந்தது. நோட்டுப் புத்தகத்தில் ஐந்து கோடு போட்டுப் புள்ளி வைக்கும் வேலை கிடையாது. அவருக்கே அது படிக்கத் தெரியாது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு ஹவில்தார். அவரும் வாயால்தான் சொல்லிக்கொடுத்தார்.

அணிவகுப்பு வேகம் நிமிடத்துக்கு 120 காலடி, ஒரு அடி எடுத்து வைத்தால் 30 அங்குலம். இது வளர்ந்த சிப்பாய்க்கு அளந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 30 அங்குலம் என்றால் கால் கவட்டை கிழியும். அதனால் பேண்டை 110-க்கு இறக்கிக்கொள்வார். இன்னொரு விஷயம் அவர் அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தார், எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கும் ஆசை வந்தது. ஊர்வலம் நீளமாக இருந்தால் கடைசி வரிசை எப்போதும் கால் தப்பும். பிள்ளைகள் தப்பு இல்லை அது. சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 120 வேகத்தில் ஒரு காலடிக்கும் அடுத்ததற்கும் அரை விநாடி. டிரம்மில் இருந்து 34 மீட்டர் பின்னால் நிற்பவனுக்குத் தட்டு பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதமாகக் கேட்கும். காலடியில் ஐந்தில் ஒரு பங்கு. 170 மீட்டர் பின்னால் போனால் முழு அரை விநாடி. முன்னால் இடது கால் விழும்போது அங்கே வலது கால் விழும். இவருடைய மருந்து: பேண்டை ஊர்வலத்தின் முன்னால் விடாமல் நடுவில் விடுவது. விருந்தாளிகளுக்கு இது பிடிக்காது. போட்டோவில் பேண்டு வராதே.

கட்டளை எந்த மொழியில் என்பது இன்னொரு வேடிக்கை. பள்ளியில் தமிழ். பழைய டிரில் மாஸ்டர் வழக்கத்தில் இங்கிலீஷ். என்.சி.சி. உள்ள பள்ளியில் 'சாவ்தான்', 'விஷ்ராம்'. 1968 ஜனவரியில் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்திக் கட்டளைச் சொற்களைப் பற்றியும் ஒரு பகுதி இருந்தது என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். ஆனால் பேண்டை நிறுத்த எந்த மொழியும் தேவையில்லை. பாஸ் டிரம்மில் நெருக்கமாக இரண்டு தட்டு. அது விழுந்தால் அந்தச் சுற்றோடு எல்லோரும் நிறுத்த வேண்டும். அதனால்தான் பாஸ் டிரம் பையன் குழுவிலேயே நிதானமானவனாக இருக்க வேண்டும். கெட்டிக்காரன் வேண்டாம், நிதானம் போதும் என்பார் சார்.

இந்த வாத்தியங்கள் நமக்குப் புதிது என்று நினைப்பது தப்பு. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். அதே காலத்தில் முத்துசுவாமி தீட்சிதர், வெள்ளைக்காரர் பேண்டுகளில் கேட்ட மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். சுமார் 40 கிடைக்கின்றன. நோட்டுஸ்வரம் என்று இன்றும் பாட்டு கிளாஸில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அவைதான். பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் கீதத்தின் மெட்டே அதில் ஒன்று. அரண்மனை பேண்டில் இருந்த கிளாரினெட் பிறகு சதிர்க் கச்சேரிக்குள் போனது. நாம் ஏ.கே.சி. நடராஜன் வாசித்துக் கேட்ட கிளாரினெட் அந்த வழியில் வந்ததுதான். 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையில் நாதமுனி பேண்டுக்குப் பெரிய பெயர். ஆக, பேண்டு அரண்மனையில் இருந்தது, பட்டாளத்தில் இருந்தது, கல்யாண வீதியில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது மட்டும் அதற்குச் சங்கீத வாத்தியார் கிடைக்கவில்லை.

இதையே அமெரிக்காவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். 1923-ல் சிகாகோவில் பள்ளிக்கூட பேண்டுகளுக்கு அந்த நாட்டின் முதல் தேசியப் போட்டி நடந்தது. (அதே 1923-ல்தான் பாப்பாரப்பட்டியில் சிவா கட்ட நினைத்த பாரத மாதா கோயிலுக்குச் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, வருஷம் ஒன்றாக இருக்கிறதே என்று குறித்துவைத்தேன்.) போட்டியை நடத்தியவர்கள் வாத்தியம் செய்யும் கம்பெனிகள். முதலாம் உலகப் போர் முடிந்து ராணுவ ஆர்டர் குறைந்திருந்தது, சரக்கு விற்க வேண்டும். ஜெயித்தது ஒஹையோ மாநிலத்தின் ஃபாஸ்டோரியா என்ற சின்ன ஊர். பேண்டை நடத்தியவர் ஜான் வெயின்ரைட். கம்பெனிகள் சரக்குக்காகச் செய்ததுதான், ஆனாலும் அதன் பின்விளைவாகப் பள்ளி பேண்டு இயக்குநர் என்பது அங்கே படிப்பும் சம்பளமும் உள்ள முழுநேர வேலையாக ஆனது. நம் ஊரில் மீரட் கடைகளுக்குக் கல்யாணங்களே போதுமாக இருந்தன. பள்ளிகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் ஊகம்தான் இது, ஆனால் பணம் போன பாதையைப் பார்த்தால் வேறு மாதிரி தோன்றவில்லை.

இங்கேயும் இப்போது போட்டி உண்டு. கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் சேர்ந்து குடியரசு தினத்தை ஒட்டி தேசியப் பள்ளி பேண்டு போட்டி நடத்துகின்றன. பிராஸ் பேண்டு, பைப் பேண்டு. இரண்டிலும் பையன்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, ஆக நாலு பிரிவு. நாலு டிரம்மும் இரண்டு பியூகிளும் வைத்திருக்கும் செட்டுக்கு என்று தனிப் பிரிவு கிடையாது.

இனி சொல்லப்போவதை சார் இரண்டாம் நாள்தான் சொன்னார், அதுவும் பேச்சுவாக்கில். ஜூன் மாதம் பள்ளி திறந்து பேண்டுக்குப் பெயர் கேட்டால், பியூகிளுக்கும் கோல் பிடித்து முன்னால் நடப்பதற்கும் கை தூக்குவார்கள். டிரம்முக்குத் தயங்குவார்கள். வீட்டில் 'நம்ம பையன் எதுக்கு மோளம் அடிக்கணும்?' என்று கேட்பார்கள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எந்த வீட்டில் தலைமுறையாகப் பறையோ பம்பையோ அடித்தார்களோ அந்த வீட்டுப் பிள்ளை டிரம் பக்கமே வர மாட்டான். குச்சியைக் கையில் எடுத்தால் வகுப்பில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவனை அங்கிருந்து வெளியே கொண்டுவரத்தான் அவன் அப்பா பள்ளிக்கு அனுப்புகிறார்.

நம் பக்கத்தில் பறையும் பம்பையும் வெறும் வாத்தியம் இல்லை, யார் அடிப்பது, எந்தச் சாவுக்கு, எந்தத் தெருவில் என்று எல்லாம் சேர்ந்தே வரும். 2025-ல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பேரூராட்சித் தெருவில் அந்தச் செய்தி வந்து சேர இன்னும் நேரம் எடுக்கும்.

சார் இதற்குக் கண்டுபிடித்த வழி ரொம்பச் சாதாரணமானது. முதல் மாதம் யாருக்கும் எந்த வாத்தியமும் சொந்தம் இல்லை. பெயர் கொடுத்த அத்தனை பேரும் சுழற்சியில் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். தலைமையாசிரியர் பிள்ளை படித்தாலும் பாஸ் டிரம்மைத் தூக்க வேண்டும். ஜூலை கடைசியில்தான் யாருக்கு எது என்று முடிவு, அதுவும் காரணத்தோடு: பாஸ் டிரம்முக்கு உயரம், பியூகிளுக்கு முன்பல், சைட் டிரம்முக்கு மணிக்கட்டு. 'நீ இந்த வீட்டுப் பையன், உனக்கு இது சுலபமா வரும்' என்று ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை என்றார். உண்மையில் அந்தப் பிள்ளைகளுக்குச் சுலபமாகத்தான் வரும். பறையில் ஒரு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி, மறு கையில் தடித்த அடிக்குச்சி, இரண்டு கையும் இரண்டு விதமாகப் பிடிக்கும். தோளில் சாய்த்து மாட்டிய சைட் டிரம்மின் பழைய பிடியும் அதே மாதிரிதான், இடது கை உள்ளங்கை மேலே பார்த்திருக்கும். மற்றவர்களுக்கு ஒரு மாதம் ஆகும் அந்த இடது கை, வீட்டில் பார்த்து வளர்ந்தவனுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வேலை என்றார்.

இரண்டு முறை பெற்றோர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். ஒருவர் பையனுக்கு டிரம் கொடுத்ததற்கு. இன்னொருவர் பையனுக்கு டிரம் கொடுத்ததற்கேதான், ஆனால் நேர் எதிர் காரணத்துக்கு. இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொன்னாராம்: 'வெள்ளை பேண்ட், வெள்ளை ஷூ, சிவப்புத் துண்டு. எட்டுப் பேரும் ஒரே மாதிரி நிப்பாங்க. ஆகஸ்ட் பதினஞ்சு வந்து பாருங்க, எது உங்க பையன்னு கண்டுபிடிங்க.'

ஒரு பேண்டு எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று கணக்குப் பார்த்தோம். பள்ளி ஜூனில் திறக்கும், ஆகஸ்ட் 15-க்குப் பத்து வாரம். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பொதுத்தேர்வு, வீட்டில் விட மாட்டார்கள். அரையாண்டு முடிந்தால் அந்தப் பிள்ளைகள் பேண்டுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஆறாம் வகுப்புக்கு டிரம்மைத் தூக்கும் உடம்பு இல்லை. மிச்சம் ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்று. ஒரு பையன் நன்றாக உருட்டக் கற்றுக்கொள்ளும்போது அவன் ஒன்பதாம் வகுப்பு முடிக்கிறான். ஜனவரி 26-க்கு இருக்கும் பேண்டுதான் அந்த வருஷத்தின் சிறந்த பேண்டு. அடுத்த ஜூனில் அதில் பாதிப் பேர் இல்லை. இப்படி முப்பது தடவை ஆரம்பித்திருக்கிறார். அலுக்கவில்லையா என்று கேட்டேன். விவசாயம் பண்றவனைக் கேப்பியா என்றார்.

பழுது பார்ப்பதும் அவரே. பழைய டிரம்மில் தோல். ஐப்பசி மழையில் தோல் தொய்ந்து 'பொத் பொத்' என்று சத்தம் வரும், அடுப்படியில் காய வைத்து எடுத்துப் போவார்கள். பிளாஸ்டிக் தோல் வந்த பிறகு மழைக்கு பயம் இல்லை, ஆனால் கிழிந்தால் ஒட்ட முடியாது, புதிதுதான் வாங்க வேண்டும். அடியில் ஓடும் கம்பி நரம்பு தளர்ந்தால் சைட் டிரம் வெறும் தகர டப்பா. திருகாணிச் சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில், விசிலுக்குப் பக்கத்தில்.

பி.டி. ஆசிரியருக்குப் பணிமாறுதல் கலந்தாய்வில் வேறு ஊர் கிடைத்தால் என்ன ஆகும்? இருப்புப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். சைட் டிரம் 6, பாஸ் டிரம் 1, சிம்பல் 1 ஜோடி, பியூகிள் 3 என்று பதிவேட்டில் சரியாக இருக்கும். புதிதாக வருபவர் வாலிபால்காரராக இருந்தால் அந்த அலமாரி அடுத்த ஆடிட் வரை திறக்காது. இவர் விட்டு வந்த ஒரு பள்ளியில் அப்படித்தான் ஆனது.

இன்னொரு பள்ளியில் வேறு மாதிரி ஆனது. இவரிடம் சைட் டிரம் அடித்த பையன், இப்போது முப்பத்தைந்து வயது, தருமபுரிக்கு வேன் ஓட்டுகிறான். ஜூலை மாதம் மட்டும் சாயங்காலம் நாலரைக்கு வேனைப் பள்ளி வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்து ஒரு மணி நேரம் 'தரிகிட' சொல்லிக்கொடுக்கிறான். காசு கிடையாது, டீ மட்டும். புது பி.டி. ஆசிரியை கபடிக்காரர்; எனக்கு டிரம் தெரியாது, நீங்க பாத்துக்கங்க அண்ணா என்று விட்டுவிட்டாராம். போன வாரம் நான் போய்ப் பார்த்தேன். சைட் டிரம் ஆறும் ஆள் சேர்ந்துவிட்டது, அதில் நாலு பெண்கள். உருட்டல் இன்னும் ஐந்தாவது காலடியிலேயே அடங்கிவிடுகிறது. பாஸ் டிரம்முக்குத்தான் ஆள் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் நல்ல உயரமாக ஒருவன் இருக்கிறான், நிதானமானவனும்கூட. கபடி டீமில் இருந்து அவனை விட அந்த ஆசிரியைக்கு மனசில்லை.